மூணாவது மணிக்குள் சாப்பாடு: கொங்கு நாட்டில் நாலு ராத்திரி

முதல் நாள், வெள்ளி: கோவை

கோவையில் சபா நாடகம் பெரும்பாலும் மாலை 6.30க்கு. நாடகம் இரண்டு மணி நேரம், முன்னால் வரவேற்புரை, நடுவே பொன்னாடை என்று போனால் வெளியே வர 8.45 ஆகிவிடும். கறி சாப்பிட நினைக்கிறவருக்கு இதைவிடச் சங்கடமான நேரம் கிடையாது. ஐந்து மணிக்கு மெஸ்ஸில் மதிய அடுப்பு அணைந்திருக்கும், ராத்திரி அடுப்பு பற்றியிருக்காது. ஒன்பது மணிக்கு மேல் இலைக்கு வருவது பெரும்பாலும் மதியம் வைத்த குழம்புதான்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நல்ல கறிக்கடை எது என்று முதலில் விசாரித்துவிட்டு, அதைச் சுற்றி நாடகத்தைப் பொருத்தப் பார்க்கிறார்கள். ஆட்ட நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு எந்த அடுப்பு புதிதாக எரிகிறது என்று தேடினால் வேலை சுலபம். இந்தச் சுற்றில் நாலு ராத்திரி, மூணு விதமான ஆட்டம். அடுப்பும் ஒவ்வொரு ராத்திரிக்கும் வேறு.

முதலில் கொட்டகை. கோவையில் மேடை நாடகமும் கச்சேரியும் அதிகம் நடக்கிற இடங்களில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் இருக்கும் பாரதிய வித்யா பவன். இன்னொன்று கிக்கானி பள்ளி வளாகத்துக் கலையரங்கம். பவனுக்குக் காரில் போகிறவர்கள் வாசலில் இடம் தேடி அலைய வேண்டாம். அதே டி.பி. ரோட்டில் மாநகராட்சியின் பன்னடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. விட்டுவிட்டு நடந்துவிடலாம். கிக்கானிக்குப் போகிறவர்கள் மழை நாளில் ரயில்வே பாலத்தடியை நம்பக் கூடாது. அரை மணி நேரம் அடித்துப் பெய்தால் அங்கே தண்ணீர் கட்டிக்கொள்ளும். லங்கா கார்னரும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் டிக்கெட் எடுத்திருந்தால் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவது நல்லது.

இன்றைக்குக் கறி வேண்டாம். வெள்ளிக்கிழமை பல வீடுகளில் கவுச்சி கிடையாது என்பதால் ஆடு வெட்டுவதே குறைவு. மெஸ்காரர்களும் கணக்காகத்தான் வாங்குவார்கள். 5.15க்கு ஆரோக்கியசாமி ரோட்டு அன்னபூர்ணாவில் இரண்டு சாம்பார் இட்லி, ஒரு காபி. அதற்கு மேல் ஒரு வடை கூடப் போடாதீர்கள். நெய் ரோஸ்ட், பூரி என்று இறங்கினால் இரண்டாவது காட்சியில் கொட்டாவி வரும். உப்பும் எண்ணெயும் தண்ணீர் கேட்கும், தண்ணீர் பாத்ரூம் கேட்கும், வரிசையின் நடுவில் உட்கார்ந்திருப்பவர் எட்டுப் பேர் முழங்காலைத் தாண்டி வெளியே போக வேண்டியிருக்கும். 6.15க்கு இருக்கையில் இருந்தால் போதும். முதல் மணி அடித்ததுமே ஓட வேண்டியதில்லை, மூணாவது மணிக்குத்தான் விளக்கு அணையும்.

நாடகம் முடிந்து பசித்தால் தோசைக்கல் சூடாக இருக்கும் எந்தக் கடையும் சரி. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

இரண்டாம் நாள், சனி: மதியம் மெஸ், ராத்திரி ஸ்டேக்

இன்று ஒரே நாளில் இரண்டு கறி. முதலாவது நேரத்தோடு சண்டை போடாமல் கிடைப்பது, இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியது.

கொங்கு மெஸ்ஸின் நல்ல நேரம் 12.30 முதல் 1.30 வரை. காரணம் ஆட்டிலேயே இருக்கிறது. விடிகாலையில் வெட்டிய ஆட்டுக்கறி கொஞ்ச நேரத்துக்குத் தளர்வாக இருக்கும். அந்தத் தளர்வு போவதற்குள் அடுப்பில் ஏறிவிட்டால் சீக்கிரம் வேகும், மெத்தென்று இருக்கும். சில மணி நேரம் வெளியே தொங்கினால் சதை விறைத்துக்கொள்ளும். அப்போது வாங்கிச் சமைப்பதுதான் ரப்பர். குளிரில் ஒரு நாள் கிடந்தால் மறுபடி இளகும். கைதேர்ந்த மெஸ்காரர் வெடியால ஆறு மணிக்கு வாங்கி எட்டுக்குள் அடுப்பில் ஏற்றிவிடுவார். மத்தியானம் கசாப்புக் கடையில் தொங்குவதை வாங்கி ராத்திரிக்குச் சமைக்கிற இடத்தில் எவ்வளவு மசாலா போட்டாலும் பல்லுக்குத் தெரிந்துவிடும்.

"வெள்ளாட்டுக் கறி மட்டும்" என்று பலகை போட்டிருப்பதைக் கோவையில் நிறையப் பார்க்கலாம். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, செம்மறியின் வாடை இருக்காது, வறுவலுக்கு நன்றாக வரும். ஆனால் முற்றிய வெள்ளாட்டைவிட இளஞ்செம்மறி எவ்வளவோ மேல். அதனால் பலகையைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். ஒரு பிளேட் வறுவல் வந்ததும் எலும்பைப் பாருங்கள். விலா எலும்பு சுண்டுவிரலைவிட மெலிந்து, நுனி குருத்தாக இருந்தால் இளங்குட்டி. எலும்பு பட்டையாக வெளுத்திருந்தால் கிழடு. குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

சீக்கிரம் போக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டுக்கு ஒரே ஒரு சுவரொட்டி (மண்ணீரல்), ஒரே ஒரு மூளை, ஒரே ஒரு ஈரல். மூன்று ஆட்டுக்கறி வாங்கும் மெஸ்ஸில் மூணே மூணு சுவரொட்டிதான் இருக்க முடியும். அதனால் உட்கார்ந்ததும் சோற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது இதைத்தான்.

"சுவரொட்டி இருக்குங்களாண்ணா?"

"ரெண்டே ரெண்டுதானுங்க இருந்துச்சு, இப்பத்தான் போச்சு. ஈரல் போட்டுரட்டுங்களா?"

ஈரல் என்றால் "மிளகு போட்டு இப்ப வறுத்துக் குடுங்க" என்று சொல்லுங்கள். வறுத்து வைத்த ஈரல் கால் மணி நேரத்தில் சுண்ணாம்புக் கட்டி ஆகிவிடும். குடலும் ரத்தப் பொரியலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவசரமில்லை. தலைக்கறியை இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

இலையில் ஊற்றும் வரிசையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலில் மட்டன் குழம்பு, அடுத்து நாட்டுக்கோழி, அதன் பிறகு மீன், கடைசியில் ரசமும் தயிரும். மீனை முதலில் வாங்கினால் அதன் புளி நாக்கில் நின்றுகொண்டு மட்டனின் கொத்தமல்லி வாசத்தை அமுக்கிவிடும். கொங்குக் கறிச் செலவில், அதாவது மசாலாச் சாமானில், கொத்தமல்லிதான் தூக்கல். வறுத்த மல்லி, சின்ன வெங்காயம், தேங்காய், கொஞ்சம் கல்பாசி, ஈரோட்டு மஞ்சள். புளியும் தக்காளியும் பேருக்குத்தான். குழம்பு சிவப்பாக வந்தால் அது கொங்குக் குழம்பு இல்லை, மிளகாய்த்தூள் குழம்பு. அசல் குழம்பு மண் நிறத்தில், மேலே எண்ணெய் லேசாக மிதந்து வரும்.

இதே குழம்பு ராத்திரி ஒன்பது மணிக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தால் அந்த நேரத்தில் மெஸ்ஸுக்குள் போகத் தோன்றாது. தேங்காய் அரைத்து ஊற்றியதைத் திரும்பத் திரும்பச் சுட வைக்கும்போது எண்ணெய் தனியே கறுத்துப் பிரியும், வெங்காயம் கரைந்து காணாமல் போகும், கறி நார்நாராகிவிடும். வறுவலாக இருந்தால் காய்ந்ததை மறைக்க மறுபடி எண்ணெய் விட்டுப் பிரட்டுவார்கள். துண்டு பளபளவென்று மின்னும், கடித்தால் உள்ளே சக்கை.

மத்தியானச் சாப்பாடு ஆயிற்று, ராத்திரி 6.30 நாடகம். வெளியே வந்ததும் கறி வேண்டும் என்றால், ஒன்பது மணிக்குக் கேட்டவுடன் புதிதாகச் சமைத்துத் தருகிற சாமான் எது? மெஸ்ஸில் இல்லை. ஸ்டேக் (கனமாக வெட்டி வாட்டும் கறித்துண்டு) அப்படிப்பட்டது. பச்சைத் துண்டாக ஃபிரிட்ஜில் காத்திருக்கும், ஆர்டர் சீட்டு வந்த பிறகுதான் கல்லில் விழும். ரேஸ்கோர்ஸ் பக்கமும் அவினாசி ரோட்டிலும் உள்ள பெரிய ஓட்டல்களில் கிடைக்கும், தனி கிரில் கடைகளும் உண்டு.

மெனுவில் டெண்டர்லாயின் என்று போட்டிருந்தால் நம்மூரில் அது பெரும்பாலும் எருமையின் அண்டர்கட். முதுகெலும்புக்கு அடியில், இடுப்புக்கு உட்புறமாக ஓடும் நீளச் சதை. நடக்கவோ பாரம் தாங்கவோ அதிகம் பயன்படாத சதை என்பதால் மெத்தென்று இருக்கும். கொழுப்பு கிட்டத்தட்டக் கிடையாது என்பதால் கொஞ்சம் அதிகம் வெந்தாலும் காய்ந்து போகும். நம் பக்கத்து ஆட்கள் பழக்கதோஷத்தில் "நல்லா வெந்து வரட்டும்" என்று வெல் டன் கேட்கிறார்கள். கேட்டது கேட்டபடியே வரும், பிறகு "என்னங்க, செருப்பாட்ட இருக்குது" என்று புலம்புவார்கள். நன்றாக வெந்த கறிதான் வேண்டுமென்றால் அண்டர்கட்டை விட்டுவிட்டு, மெதுவாக வேகவைத்த ரிப்ஸ் மாதிரி வேறு ஐட்டத்துக்குப் போவது புத்தி.

துண்டின் நடுவில் 55 டிகிரி செல்சியஸ் என்றால் மீடியம் ரேர், உள்ளே சிவப்பு. 60 முதல் 63 வரை மீடியம், இளஞ்சிவப்பு. 70ஐத் தாண்டினால் வெல் டன், உள்ளும் புறமும் ஒரே சாம்பல் நிறம். முதல் தடவை சாப்பிடுகிறவருக்கு மீடியம் சரியான இடம். சதையின் கிருமி வெளிப்பரப்பில்தான் இருக்கும், கல்லில் பட்டதும் செத்துவிடும் என்பதால் முழுத் துண்டுக்கு இது பொருந்தும். கொத்துக்கறியில் செய்த பர்கருக்குப் பொருந்தாது. ஊசி குத்தி மெதுவாக்கிய துண்டுக்கும் பொருந்தாது. இரண்டிலும் வெளியே இருந்தது உள்ளே போயிருக்கும். அவற்றை முழுக்க வேகவைத்துத்தான் வாங்க வேண்டும்.

துண்டு 200 முதல் 250 கிராம், தடிமன் மூன்று செ.மீ.க்குக் குறையக் கூடாது. மெல்லிய துண்டில் மேலே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும். எனவே ஆர்டர் எடுப்பவரிடம் கேட்க வேண்டியது எடை இல்லை, கனம். அடுத்து தட்டு. நம்மூரில் ஸ்டேக்கைச் சிஸ்லர் இரும்புத் தட்டில், முட்டைக்கோஸ் இலை மேல் வைத்து, புகையும் சத்தமுமாகக் கொண்டுவரும் பழக்கம் இருக்கிறது. பார்க்க அமர்க்களம். ஆனால் அந்தத் தட்டு மேஜையிலும் சமைத்துக்கொண்டேதான் இருக்கும். மீடியம் கேட்டு வாங்கியது நாலாவது வாய்க்குள் வெல் டன் ஆகிவிடும். சாதாப் பிளேட்டில் கேளுங்கள். சாஸ் தனிக் கிண்ணத்தில். வந்ததும் வெட்டாதீர்கள். அடுப்பிலிருந்து இறங்கி ஐந்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாறு முழுக்கத் தட்டில் ஓடிவிடும்.

இனி கடிகாரம். மீடியம் துண்டு கல்லில் 10, 12 நிமிடம், ஆற 5, முன்னால் நிற்கும் சீட்டுகளையும் சேர்த்தால் 25 நிமிடம். வெல் டன் என்றால் 35. கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்பதை மேஜைக்குச் சொல்லும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கடை மூடும் நேரம் வேறு, அடுப்பு மூடும் நேரம் வேறு. 8.45க்கு நாடகம் முடிந்து, வண்டி எடுத்து, 9.20க்கு உட்கார்ந்தால் 9.45க்குத் தட்டு வரும். ஆர்.எஸ்.புரத்திலிருந்து விமான நிலையம் பக்கம் போகிறவர்களுக்கு 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கி.மீ. நெரிசலை மிச்சம் பிடிக்கும். ஓட்டல் நடுவழியில் இருந்தால் எந்த இறக்கத்தில் இறங்க வேண்டும் என்று முன்பே பார்த்துவிடுங்கள். தவறவிட்டால் அடியில் திரும்பி வரவேண்டும்.

நியூயார்க் பிராட்வேயில் இந்தக் கஷ்டம் நேர் எதிர். அங்கே ராத்திரி ஆட்டம் 7க்கோ 8க்கோ தொடங்கும் என்பதால், கொட்டகைப் பக்கத்து ஸ்டேக் கடைகள் ஐந்து, ஐந்தரைக்கே நாடகத்துக்கு முந்தைய சாப்பாடு என்று குறைந்த ஐட்டத்தோடு நிர்ணய விலையில் போடுவது வழக்கம். 52வது தெருவில் 1927ல் தொடங்கிய காலகர்ஸில், வாரக்கணக்கில் குளிரில் தொங்கவிட்டுப் பதப்படுத்தும் மாட்டுக்கறியைத் தெருவிலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். விடிகாலையில் வெட்டி மத்தியானத்துக்குள் தின்று முடிக்கிற நமக்கு அது வேறு உலகம். ஆனால் ஒரு விஷயம் கேட்டால் கொங்குக்காரர்களுக்கு உச்சி குளிரும். 36வது தெருவில் 1885ல் தொடங்கிய கீன்ஸ் ஸ்டேக் ஹவுஸின் பேர்போன ஐட்டம் மாட்டுக்கறி இல்லை, மட்டன் சாப். பக்கத்துக் கொட்டகை நடிகர்கள் ஒரு காலத்தில் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே, பூசிய முகத்தோடு பின்வாசல் வழியாக உள்ளே வந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு ஓடுவார்களாம்.

நம்ம ஊர் ஆட்டக் கொட்டகைச் சரித்திரமும் சின்னதல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ல் கட்டிய வெரைட்டி ஹாலின் பேரில்தான் இன்றைக்கும் அந்த ரோடு இருக்கிறது.

மூன்றாம் நாள், ஞாயிறு: பெருந்துறை, ஈரோடு, பள்ளிபாளையம்

கிளம்புமுன் ஒரு எச்சரிக்கை. ஞாயிறு சில மெஸ்களுக்கு விடுமுறை. மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் தினம் ஆகிய நாட்களில் அரசு உத்தரவுப்படி இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். அன்று மெஸ் திறந்திருந்தாலும் முந்தைய நாள் கறிதான். பங்குனியில் வருகிறவர்கள் காலண்டரில் மகாவீர் ஜெயந்தியைப் பார்த்துவிடுங்கள்.

கோவையிலிருந்து பெருந்துறை சுமார் 80 கி.மீ., ஒன்றரை மணி நேரம். பெருந்துறைக்கு அருகில் சீனாபுரத்தில் வீட்டையே சாப்பாட்டுக் கடையாக்கி, தலைவாழை இலையில் கறிவிருந்து போடும் இடம் ஊரறிந்தது. சொல்லாமல் போய் நின்றால் திண்ணையில் காத்திருக்க வேண்டிவரும். முன்கூட்டியே போன் செய்து, எத்தனை பேர் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போகவும். எட்டுப் பேர் என்று சொல்லி அஞ்சு பேர் போவதைப் போல ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அங்கே உங்களை ஓரம்பரையாட்டத்தான் (விருந்தாளி மாதிரித்தான்) கவனிப்பார்கள், "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க சாமி" என்று ஊற்றிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு குழம்புக்கும் ஒரு கைப்பிடிச் சோறு மட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளாவிட்டால் மூன்றாவது குழம்பிலேயே இலையை மூட வேண்டியிருக்கும்.

ஈரோட்டில் தங்குகிறவர்கள் மெஸ்களில் பிச்சுப்போட்ட கோழி கேட்கலாம். வெந்த நாட்டுக்கோழியை எலும்பிலிருந்து பிய்த்து எடுத்து, வெங்காயத்தோடு வறுத்தது. சோற்றைவிட ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள ஏற்றது.

மாலை வள்ளி கும்மி. கொங்கில் இப்போது கோயில் நோம்பி (திருவிழா), புதுவீடு, கல்யாணம் எங்கும் இதுதான். வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வள்ளி திருமணக் கதையை ஆசிரியர் பாட, ஒரே நிறச் சீலையில் பெண்களும் பிள்ளைகளும் வட்டம் கட்டி ஆடுவார்கள். ஏழு மணி என்று நோட்டீஸில் போட்டிருந்தால் ஏழரை. இரண்டரை, மூன்று மணி நேரம் போகும். டிக்கெட் கிடையாது, நாற்காலியும் பெரும்பாலும் இருக்காது. கதை தெரிந்ததுதான் என்பதால் நடுவில் எழுந்து போனாலும் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் கடைசியில் பாட்டு வேகமெடுத்து அடவு பிடிக்கிற அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

பத்தரைக்கு முடிந்தால் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிபாளையம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இந்த ஊர்ப் பேரிலேயே ஒரு விடை இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கன் சொன்ன பிறகுதான் வாணலியில் ஏறும், 20 நிமிடத்தில் இறங்கும். குழம்பு கிடையாது, சுட வைக்கிற சங்கதியே இல்லை.

அரைக் கிலோ கோழிக்கு, பாக்கு அளவு துண்டுகளாக வெட்டி, 15 முதல் 20 காய்ந்த மிளகாய், 200 கிராம் சின்ன வெங்காயம், அரை மூடித் தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறியது, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, கடலெண்ணெய். அவ்வளவுதான். மல்லித்தூள், கரம் மசாலா, தக்காளி எதுவும் கிடையாது. மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுப் போட வேண்டும். விதையோடு போட்டால் காரம் மட்டும் மிஞ்சும், விதை நீக்கிய தோல் எண்ணெயில் வதங்கினால்தான் அந்தச் சிவப்பும் லேசான இனிப்பும் வரும். சொதப்புகிற இடம் இரண்டு. எண்ணெய் புகையும்போது மிளகாயைப் போட்டால் கறுத்துக் கசந்துவிடும். பிராய்லர் கோழி தண்ணீர் விடும், அதற்கு மேல் சமையல்காரர் கையாலும் தண்ணீர் தெளித்தால் வறுவல் வேகவைத்த கோழியாகிவிடும். நாட்டுக்கோழியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடித்தான் ஆக வேண்டும், நேரமும் கூடும்.

தட்டு வந்ததும் பாருங்கள். மிளகாய்த் தோல் முழுசு முழுசாகத் தெரியணும், தேங்காய்ப் பல் ஓரம் பொன்னிறமாகியிருக்கணும். துண்டின் மேல் மாவுபோல மசாலா ஒட்டியிருந்தால் அது பேருக்குத்தான் பள்ளிபாளையம்.

நாலாம் நாள், திங்கள்: மேட்டூர், மேச்சேரி

இன்று விடிய விடியக் கூத்து. சாப்பாட்டுக் கணக்கே மாறுகிறது. மூணு வேளைக்குப் பதில், ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று, நடுச்சாமத்தில் ஒன்று, விடிந்ததும் ஒன்று.

ஈரோட்டிலிருந்து பவானி, அம்மாபேட்டை வழியாகக் காவிரியை ஒட்டியே மேட்டூர் போகலாம். மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர்ப் பக்கத்து ஊர்களில் மாசி, பங்குனி, சித்திரை நோம்பிகளுக்குக் கூத்து வைப்பார்கள். எந்த ஊரில் என்றைக்கு என்பது நெட்டில் கிடைப்பது அரிது. டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் "இன்னைக்கு எங்கீங்க கூத்து?" என்று கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

இங்கே வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது ஒன்றில். நோம்பி சாட்டிக் காப்புக் கட்டிய ஊரில் கறி கிடைக்காது. நோம்பி முடியும்வரை பல வீடுகளில் கவுச்சி ஆகாது, கடைக்காரர்களும் போட மாட்டார்கள். கூத்து நடக்கும் ஊரில் ராத்திரி புரோட்டா சால்னா கிடைக்கும் என்று நம்பிப் போனால் பொரியும் கடலையும்தான். எனவே கறி, மீன் எல்லாம் மேட்டூரிலேயே முடிந்துவிட வேண்டும்.

மேட்டூரில் டேம் மீன் வறுவல் பேர்போனது. 1934ல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கத்து மீன். கட்லா, ஜிலேபி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். மசாலா தடவி வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டாமல், தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். செவுள் சிவப்பாக, கண் புடைத்து, அமுக்கினால் விரல் பள்ளம் நிற்காமல் இருக்க வேண்டும். மசாலாவுக்குள் போன பிறகு எந்த மீனும் புது மீன்தான். சட்டி எண்ணெய் கறுத்து நுரை கட்டியிருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். கட்லாவில் வயிற்றுத் துண்டுக்குக் கொழுப்பும் ருசியும் அதிகம், முள் பெரியது, குழந்தைகளுக்கும் எடுத்துக் கொடுக்கலாம். ஜிலேபியை முழுசாகக் கீறிப் பொரித்தால் நல்லது.

எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டியது களி. கேழ்வரகுக் களி ஒரு உருண்டை, கூட நாட்டுக்கோழிக் குழம்போ கீரைக் கடைசலோ. சோறு இரண்டு மணி நேரத்தில் தூக்கத்தைக் கொண்டுவந்துவிட்டு, நாலு மணி நேரத்தில் பசியையும் கொண்டுவரும். களி விடியும்வரை நிற்கும். மெல்லாமல், பிய்த்துக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். மெல்லப் போனால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். புதிதாகச் சாப்பிடுகிறவர் அரை உருண்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பத்து மணிக்கு மேல் மிருதங்கமும் தாளமும் முகவீணையும் ஊரைக் கூட்டும். அது அழைப்பு, அவசரமில்லை. அடுத்து கோமாளி வருவார், ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பார். முக்கிய வேஷங்கள் திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடிக்கவே நேரமாகும். பெரிய வேஷம் திரையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் காலை மட்டும் காட்டி ஆடும் நேரம் ஒன்று வரும். அப்போது எழுந்து போகாதீர்கள். அது முடிந்து பேச்சு தொடங்கியதும் டீக்கு எழலாம். ஒரு மணியிலிருந்து மூன்று வரைதான் தூக்கம் ஆளைத் தள்ளும். ஊர்க்காரர்கள் பாதிப் பேர் பாயிலேயே சாய்ந்துவிடுவார்கள், அதில் வெட்கம் கிடையாது. சுக்குக்காப்பி, ஒரு கைப் பொரிகடலை, அதற்கு மேல் வேண்டாம். போண்டா வாசம் இழுக்கும். ரெண்டு மணிக்கு எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் மூன்றரைக்கு நெஞ்சைக் கரிக்கும்.

பாய், தடிமனான போர்வை, தலைக்குத் துண்டு, டார்ச் கையில் இருக்க வேண்டும். பங்குனியிலும் பின்னிரவில் பனி இறங்கும். நூறு, இருநூறு ரூபாய் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். வேஷக்காரருக்கு அன்பளிப்புக் கொடுத்தால் மைக்கில் பேரைச் சொல்லி வாழ்த்துவார்கள்.

கர்ணன் கதை வைத்திருந்தால் அவன் சாயும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் களியும் சுக்குக்காப்பியும்.

ஐந்தாம் நாள், செவ்வாய் விடியால

ஆறு மணிக்குத் திரும்புகிற வழியில், காப்புக் கட்டாத ஊரிலோ ரோட்டோரத்திலோ இட்லியும் குடல் குழம்பும் கிடைக்கும் கடை தேடுங்கள். ராத்திரியே விறகடுப்பில் ஏற்றிய குடல் இந்த நேரத்துக்குத்தான் பதமாகியிருக்கும். குக்கரில் எட்டு விசில் விட்டதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் குழம்பின் கெட்டியில் தெரியும். கரண்டியின் முதுகில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும்.

சுத்தம் பார்க்க ஒரு வழி. குடலில் துவாலை மாதிரிச் சொரசொரப்பான துண்டு ஒன்று இருக்கும். வெந்நீரும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்து உரித்திருந்தால் அது வெளிர் பழுப்பாக இருக்கும். பச்சையும் கறுப்புமாக இருந்தால் அரைகுறைக் கழுவல், வாடையும் அடிக்கும். அந்தத் துண்டை முதலில் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள். இட்லி இரண்டு இரண்டாக வாங்குங்கள். நாலையும் ஒன்றாக வாங்கிக் குழம்பை ஊற்றினால் மூன்றாவதுக்குப் போவதற்குள் கடைசி இட்லி கரைந்து கூழாகிவிடும்.

சாப்பிட்ட கையோடு வண்டி எடுக்க வேண்டாம். மேச்சேரியிலோ மேட்டூரிலோ அறை எடுத்து நாலு மணி நேரம் தூங்கிவிட்டு, பொழுதோடு கோவைக்குக் கிளம்பினால் போதும்.